9 வயது, 40 கிலோ: பள்ளி விட்டு வந்து ராத்திரி வரைக்கும் என்ன செய்வது?

திருப்பூர் அம்மா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்துவிட்டு இன்று எழுதுகிறேன்.

என் மகனுக்கு 9 வயது முடிந்திருக்கிறது. நாலாம் வகுப்பு. உயரம் 134 செ.மீ., எடை 40 கிலோ. யூனிஃபார்ம் எடுக்கப் போனபோது நாலாம் வகுப்பு சைஸ் எதுவும் இடுப்பில் ஏறவில்லை. கடைக்காரர் உள்ளே போய் ஏழாம் வகுப்புப் பேன்ட் ஒன்றை எடுத்து வந்து, "கீழே மடிச்சு அடிச்சுக்கங்க" என்றார். அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் தம்பி ட்ரையல் ரூமை விட்டு வெளியே வரவே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அம்மா, பழைய பேன்ட்டே போதும், வீட்டுக்குப் போலாம்" என்று மெதுவாகச் சொன்னான். வகுப்பில் அவனை என்ன பேர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்பது அன்று ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது. அதை இங்கே எழுத மனசு வரவில்லை.

போனில் ஒரு ஆப்பில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) போட்டுப் பார்த்தேன். 22.3 என்று வந்து, பச்சை நிறத்தில் "நார்மல்" என்று காட்டியது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அப்புறம் என்ன, விடு" என்றார். என்னால் விட முடியவில்லை.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வீட்டுக்காரர் பவர் டேபிள் (பனியன் தைக்கும் மெஷின்) போட்டிருக்கிறார். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிஃப்ட், வீடு வர ஒன்பது ஆகும். நான் வர ஏழு. பள்ளி வேன் தம்பியை நாலே காலுக்கு இறக்கிவிடும். அதிலிருந்து ஏழு மணி வரைக்கும் அவனும் என் அத்தையும் (வீட்டுக்காரரின் அம்மா)தான் வீட்டில்.

வந்ததும் ஒரு பெரிய டம்ளர் பால். அதில் "ஹெல்த் டிரிங்க்" பவுடர் மூன்று ஸ்பூன், அதற்கு மேல் சர்க்கரை இரண்டு ஸ்பூன். பேக்கரி தெரு முனையிலேயே இருக்கிறது. முட்டை பஃப்ஸ், இல்லையென்றால் தேங்காய் பன். ஐந்தரைக்குப் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டும் போனும். விளையாட அனுப்பலாம் என்றால் எங்கள் தெருவில் துணி மூட்டை ஏற்றிய டெம்போ ஓயாமல் போய் வரும். அத்தையால் அவன் பின்னால் ஓட முடியாது. சனிக்கிழமை சம்பள நாள். அன்று ராத்திரி பரோட்டாவோ ஃப்ரைட் ரைஸோ கட்டாயம் வாங்கி வருவார் அவன் அப்பா. வாரம் முழுக்க மகனை விழித்திருக்கும்போது பார்க்காதவர் அவர். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இருவர் முகத்திலும் இருக்கும் சந்தோஷத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

அத்தை காங்கேயம் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் மழை பொய்த்த வருடங்களில் ஒருவேளை கூழோடு படுத்தவர். ஒருநாள் நான், "பஃப்ஸ் வேண்டாம் அத்தை" என்றதற்கு, "பசிச்ச வயிறு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது கண்ணு" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச?

இன்னொன்று. அவன் கழுத்தின் பின்பக்கம் கருப்பாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது. அழுக்கு என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்கும்போது பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பேன். சிவக்கிறதே தவிரப் போவதில்லை.

இது நிஜமாகவே பிரச்சினைதானா? டாக்டரிடம் போக வேண்டுமா? அத்தை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஈரோடு செல்வி

தங்கச்சி, இதற்குப் போய் ஏன் இப்படி அழுகிறீர்கள்? என் அண்ணன் மகன் பத்து வயதில் இதைவிடக் குண்டு. பதினாலு வயதில் விறுவிறுவென்று உயர்ந்தான், எல்லாம் கரைந்துவிட்டது. வளர்கிற பிள்ளை வயிற்றைக் கட்ட வேண்டாம். பெரியம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

குழந்தைகள் ஓ.பி. நர்ஸ்

செல்வி அக்கா ஆறுதலாகச் சொல்கிறார், புரிகிறது. அப்படிச் சில பிள்ளைகளுக்குக் கரைவதும் உண்டு. ஆனால் கரையாத பிள்ளைகளை நான் தினமும் பார்ப்பதால் சொல்கிறேன், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதலில் அந்த ஆப்பை அழித்துவிடுங்கள். அது பெரியவர்களுக்கானது. 22.3 என்பது உங்களுக்கு நார்மல், உங்கள் மகனுக்கு இல்லை. பிள்ளைகளுக்கு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் வைத்து அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 9 வயது ஆண் பிள்ளைக்கு 18-ஐ ஒட்டியே அதிக எடை தொடங்கிவிடுகிறது. 20.5-ஐ ஒட்டி உடல் பருமன். தம்பி அதைத் தாண்டிவிட்டான். நம் ஊர்க் குழந்தை மருத்துவர்கள் 2015-இல் வந்த இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் அட்டவணையையும் பார்ப்பார்கள். அதிலும் பி.எம்.ஐ.க்குத் தனிக் கோடுகள் இருக்கின்றன.

இரண்டாவது, இன்றிலிருந்து அந்தக் கழுத்தைத் தேய்க்காதீர்கள். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கும்போது, கழுத்திலும் அக்குளிலும் தோல் இப்படிக் கறுத்துத் தடிக்கும். எங்கள் ஓ.பி.யில் ஒரு பிள்ளையைத் தராசில் ஏற்றும் முன்பே நான் சட்டைக் காலரைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிடுவேன். இது சர்க்கரை நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்தப் பாதையில் ஒரு எச்சரிக்கை. அதனால் ஒரு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பி.பி. பார்ப்பார். வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு, ஈரலுக்கான எஸ்.ஜி.பி.டி. எல்லாம் எடுக்கச் சொல்லலாம். ஈரலில் கொழுப்பு சேர்வது இப்போது பிள்ளைகளிடமும் சாதாரணமாகிவிட்டது. தூக்கத்தில் குறட்டை விடுகிறானா, மூச்சு திணறி விழிக்கிறானா என்று இன்று ராத்திரி கவனித்து, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தைராய்டா என்று எல்லோரும் கேட்பார்கள். ஹார்மோன் கோளாறால் பருமனாகும் பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்குக் குள்ளமாக இருப்பார்கள். உங்கள் மகன் நல்ல உயரம். அதனால் அந்தப் பயம் குறைவு. இருந்தாலும் டாக்டர் முடிவு செய்யட்டும்.

இப்போது நல்ல செய்தி. பெரியவர்கள் போல அவன் பத்து கிலோ குறைக்க வேண்டியதில்லை. இந்த வயதில் வருடத்துக்கு ஐந்தாறு செ.மீ. உயரும். எடை இதே 40-இல் நின்று உயரம் 140 ஆகிவிட்டால், கணக்குப் போட்டுப் பாருங்கள், 20.4-க்கு வந்துவிடும். ஏறாமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை. பட்டினி, டயட், பவுடர் எதுவும் வேண்டாம்.

எங்கே கை வைப்பது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நாலே காலிலிருந்து ஏழு வரை. காலைச் சாப்பாட்டையும் மதியத்தையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். அந்தப் பாலில் இருந்து ஆரம்பியுங்கள். பவுடர் டப்பாவின் பின்பக்கம் 100 கிராமுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று போட்டிருக்கும், ஒருமுறை நீங்களும் வீட்டுக்காரரும் சேர்ந்து படியுங்கள். அதற்கு மேலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறீர்கள். இந்த மாதிரிப் பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகமே 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. வெறும் பால், ஒரு சின்ன டம்ளர் போதும். பாட்டில் ஜூஸ், சோடா வகைகளில் 100 மி.லி.க்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம். 250 மி.லி. பாட்டில் ஒன்றைக் குடித்தால் ஐந்து டீஸ்பூன் சர்க்கரை உள்ளே போகிறது, வயிறும் நிறையாது.

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கொடுப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள், கொடுக்கும் பொருளை மாற்றச் சொல்லுங்கள். காங்கேயத்துக்காரருக்குத் தட்டப்பயறும் கொள்ளும் நீங்கள் சொல்லித் தர வேண்டுமா? "உங்க கையால சுண்டல் வேணும் அத்தை, பேக்கரில வாங்குறது பிள்ளைக்கு ஆகலைன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். மருமகள் சொல்வதை விட வெள்ளைக் கோட்டு சொல்வது எடுபடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கவலையெல்லாம் எடை ஏறாத பிள்ளைகள்தான். இப்போது ஒரே காலையில், ஒரே பெஞ்சில், கை குச்சி மாதிரி ஒரு பிள்ளையும் கழுத்துக் கறுத்த ஒரு பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வில் 2015-16-இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் அதிக எடை உள்ளவர்கள் 2.1 சதவீதம். 2019-21-இல் அது 3.4. உலக அளவில் 5 முதல் 19 வயது வரை, எடை குறைந்தவர்களை விடப் பருமனானவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று யுனிசெஃப் 2025-இல் சொன்னது: 9.2 சதவீதத்துக்கு எதிராக 9.4. உங்கள் வீட்டில் மட்டும் ஏதோ தவறு நடந்துவிட்டதாக நினைத்து மனதை வருத்திக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

மதுரை மீனா

அக்கா, நர்ஸ் மேடம் எல்லாம் சொல்லிவிட்டார்கள். நான் செய்த தப்பை மட்டும் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்துவிடக் கூடாது.

என் மகளுக்குப் பதினோரு வயதில் 58 கிலோ. டாக்டர் சொன்னதும் நான் அவளுக்கு மட்டும் டயட் போட்டேன். தம்பிக்குப் பூரி, அவளுக்கு எண்ணெய் இல்லாத சப்பாத்தி. என் வீட்டுக்காரர் ஜிகர்தண்டா வாங்கி வருவார், அவள் டம்ளர் தண்ணீரோடு எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தினமும் காலையில் தராசில் ஏற்றினேன். இருநூறு கிராம் கூடினால் என் முகம் மாறும், அதைப் பார்த்து அவள் முகம் மாறும். இரண்டு மாதம் கழித்து கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது, பழைய செருப்பு டப்பாவில் பிஸ்கட் கவரும் சிப்ஸ் கவரும் சின்னச் சின்னதாக மடித்து அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். அவ்வளவு நேர்த்தியாக மடித்திருந்தாள். அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று தராசைப் பரண் மேல் போட்டேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று ஆக்கினோம். பிஸ்கட் டப்பா என்ற ஒன்றே வீட்டில் இல்லை, தம்பிக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. ஜிகர்தண்டா மாதம் ஒருமுறை, எல்லோரும் சேர்ந்து போய்க் குடிப்போம், அவளும் குடிப்பாள். சொல்லப்போனால் அவளை விட அவருக்குத்தான் அது தேவைப்பட்டது, சர்க்கரை மாத்திரை போடுகிறவர். இப்போது பதிமூன்று வயது, 57 கிலோ, ஒன்பது செ.மீ. உயர்ந்திருக்கிறாள். கட்டிலுக்கு அடியில் நான் இப்போது பார்ப்பதில்லை.

உங்கள் தம்பியிடம் "குண்டு", "வெயிட்" என்ற வார்த்தைகளே வேண்டாம் அக்கா. அதை வகுப்பிலேயே நிறையக் கேட்டிருப்பான்.

திருப்பூர் அம்மா

நர்ஸ் அக்கா, மீனா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கழுத்தைப் பற்றிப் படித்ததும் தூங்குகிற பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவன், "வலிக்குதும்மா" என்று சொல்லியிருப்பான்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். அத்தையையும் கூட்டிப் போகிறேன். விளையாட்டு விஷயம்தான் வழி தெரியவில்லை. கராத்தே வகுப்பில் சேர்த்தோம், நாலு நாள் போய்விட்டு இனி மாட்டேன் என்று நின்றுவிட்டான். ஓடச் சொன்னால் மூச்சு வாங்குகிறது, மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பி.டி. வாத்தியார் (ஓய்வு)

அம்மா, நான் முப்பத்தொரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளுக்கு ஆரம்ப வருடங்களில் நான் செய்தது நியாயமில்லாத காரியம். ஸ்கோர் எழுது, பந்து பொறுக்கு, சட்டைகளைப் பார்த்துக்கொள் என்று மரத்தடியில் உட்கார வைத்துவிடுவேன். யார் அதிகம் அசைய வேண்டுமோ அவனையே உட்கார வைத்தேன். பிறகு ஒருநாள் கயிறு இழுக்கும் போட்டிக்கு ஆள் குறைந்தது. அப்படி ஒரு பையனைக் கடைசி ஆளாக நிறுத்தினேன். இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றி நின்றான் பாருங்கள், எதிர் அணி ஒரு அடி கூட நகர்த்த முடியவில்லை. மொத்த வகுப்பும் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது, அவனுடைய நிஜப் பேரை. மறுநாளிலிருந்து அவன் மரத்தடிக்குப் போகவில்லை.

அதனால் ஓட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள். எடை கூடின பிள்ளைக்கு முழங்காலும் கணுக்காலும் வலிக்கும், சீக்கிரம் மூச்சு வாங்கும், முதல் நாளே தோற்றுப்போவான். இந்தப் பிள்ளைகளுக்கு வலு இருக்கும். கபடியில் பிடிக்கிற ஆள், குண்டு எறிதல், கயிறு இழுத்தல், நீச்சல், மிதிவண்டி, இவற்றில் அவன் மற்றவனுக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்பான். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுக்குத் தினமும் சராசரி 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான அசைவு வேண்டும் என்கிறது. அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதில்லை. இருபது நிமிடம் நடை, இருபது நிமிடம் பந்து, மாடிப்படி, வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் தூக்குவது, எல்லாம் கணக்கில் சேரும்.

உங்கள் தெருவில் இடம் இல்லை என்றீர்கள். பக்கத்தில் கோவில் மைதானமோ மாநகராட்சிப் பூங்காவோ நடக்கும் தூரத்தில் இருக்கிறதா? பெரியம்மா ஓட வேண்டாம். கல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பிள்ளை, பார்க்க ஆள் இருந்தால் விளையாடும்.

அப்புறம் உங்கள் பள்ளியில் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை பி.டி. பீரியட், அதில் எத்தனை நிஜமாக நடக்கிறது? பரீட்சை நெருங்கினால் முதலில் காணாமல் போவது எங்கள் பீரியட்தான். "சார், கணக்குப் போர்ஷன் முடியலை" என்று வந்து நிற்பார்கள், நானும் கொடுத்திருக்கிறேன். கொடுத்திருக்கக் கூடாது. கேட் வாசலில் என்ன விற்கிறார்கள் என்றும் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள்படி, கொழுப்போ உப்போ சர்க்கரையோ மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பலகை வைக்க 2025 மே மாதம் உத்தரவு வந்தது. விதி காகிதத்தில் இருக்கிறது. பெற்றோர் கேட்டால்தான் அது கேட் வரைக்கும் நடந்து வரும். ஒருவராகக் கேட்காதீர்கள், நாலைந்து பேர் சேர்ந்து போங்கள்.

திருப்பூர் அம்மா (ஏழு வாரம் கழித்து)

சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். டாக்டர் பார்த்தார். சர்க்கரை நார்மலுக்கும் நோய்க்கும் நடுவில், எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் அதிகம். மருந்து எதுவும் தரவில்லை, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அவர் தம்பியின் காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டி அத்தையிடம் பேசினார். அத்தை வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பவுடர் டப்பாவைக் கொட்டிக் கழுவி, அதில் தட்டப்பயறைப் போட்டு வைத்துவிட்டார்.

இப்போது நாலே காலுக்குச் சுண்டல், சின்ன டம்ளர் பால். ஐந்து மணிக்கு இருவரும் மாரியம்மன் கோவில் மைதானத்துக்கு நடந்து போகிறார்கள். முதல் பத்து நாள் அவன் ஆத்தாவோடு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தானாம். அப்புறம் கபடி விளையாடுகிற பையன்கள் ஆள் போதவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஐயா சொன்ன மாதிரியே பிடிக்கிற ஆள். போன வாரம் முழங்கையில் சிராய்ப்போடு வந்து, எனக்குக் காட்டுவதற்காகவே நான் வரும் வரை மருந்து போடாமல் காத்திருந்தான்.

சனிக்கிழமைப் பொட்டலம் இன்னும் நிற்கவில்லை. வீட்டுக்காரரிடம் பேசினேன், பாதி ஒத்துக்கொண்டார். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மற்ற சனிக்கிழமை சீக்கிரம் டேபிளை மூடிவிட்டு வந்து, அரிசி பருப்பு சாதம் அவரே வைக்கிறார், தம்பி வெங்காயம் உரித்துக் கொடுக்கிறான். எடை 40.2. டாக்டரிடம் போகும்போது மட்டும்தான் பார்ப்போம் என்று மீனா சொன்னதைக் கேட்டு முடிவு செய்திருந்தேன். பள்ளியில் மெடிக்கல் கேம்ப் வைத்ததில் தெரிந்தது. கழுத்து அப்படியேதான் இருக்கிறது, அதற்கு நாளாகும் என்றார் டாக்டர்.

கேட் பக்கத்துக் கடை விஷயமாக வேன் பிள்ளைகளின் அம்மாக்கள் மூன்று பேரிடம் பேசியிருக்கிறேன். தலைமையாசிரியரிடம் கொடுக்க மனு எழுதுகிறோம். இதற்கு முன் யாராவது இப்படி எழுதிக் கொடுத்திருந்தால், என்ன வாசகம் போட்டீர்கள், பள்ளி என்ன சொன்னது என்று சொல்லுங்கள். அப்புறம் கொள்ளு அவனுக்குப் பிடிக்கவில்லை. துவையல், ரசம் இரண்டும் செய்து பார்த்தாயிற்று. வேறு எப்படிச் செய்தால் சாப்பிடுவான்?